பிணி யாருடையது?

வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் அமர்கின்ற நோயாளியின் மனத்தில் மருந்தைப் பற்றிய கேள்விக்கும் முன்னால் எழுகின்ற கேள்வி, நான் யாருக்கு என்ன பாபம் செய்தேன் என்பது. அருகில் இருப்பவர்கள் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தைகளும் அந்தக் கேள்வியை மறுப்பதில்லை. 'எந்த ஜன்மத்து வினையோ, இந்த ஜன்மத்தோடு தீர்ந்து போகட்டும்' என்று அவர்கள் சொல்லும்போது, கேள்விக்குள் அடங்கிய குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, குற்றம் நிகழ்ந்த காலத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இது நம் தேசத்துக்கே உரிய வழக்கம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. மக்களையும் மந்தைகளையும் இழந்து, உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம், நீ அறியாமலாவது ஏதோ பிழை செய்திருக்க வேண்டும் என்று அவனுடைய நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாக வாதாடினார்கள். அந்நூலின் முடிவில் இறைவனுடைய கோபம் மூண்டதோ அந்த நண்பர்கள்மேல். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாபம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்துவிட்டதாக யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறது.

நம் பக்கத்திலும் இப்படி மறுத்தவர்கள் உண்டு. சரக ஸம்ஹிதையின் விமான ஸ்தானத்தில், கங்கைக் கரையில் காம்பில்ய நகரத்தின் அருகே ஆத்ரேயரோடு உலாவிக்கொண்டிருந்த அக்னிவேசர், வெவ்வேறு தேகவாகும் பலமும் வயதும் உடைய ஜனங்கள் ஒரே சமயத்தில் ஒரே நோயால் மடிவது எப்படி என்று கேட்கிறார். ஆட்கள் வேறானாலும் காற்றும் நீரும் நிலமும் காலமும் அவர்களுக்குப் பொதுவானவை, அவை கெட்டால் எல்லோரும் கெடுவார்கள் என்பது ஆத்ரேயர் சொன்ன விடை. அவற்றின் கேட்டுக்கும் மூலம் அதர்மமே என்று அவர் பின்னர்ச் சொல்வது வேறு விஷயம். ஆனால் ஆயுள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டதுதானா என்று சீடர் மேலும் வற்புறுத்தும்போது, தைவமும் மனித முயற்சியாகிய புருஷகாரமும் கலந்தே அது நிச்சயமாகிறது என்றும், எல்லாம் விதித்தபடியே நடக்குமானால் மருந்துக்கும் விரதத்துக்கும் வேலையே இல்லாமற் போகும் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வைத்தியனாகத் தொழில் செய்கிறவன் அதற்குக் குறைந்த விடையைச் சொல்லவும் முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஞ்ஞானம் தன் பங்குக்கு ஒரு விடையை அளித்தது. உயிரணுவுக்குள் சுருண்டு கிடக்கும் மரபுச் சரட்டில் சில எழுத்துகள் பிறழ்ந்தன, அதனால் அந்த உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகியது, அதுவே புற்றுநோய் என்றார்கள். பிரமன் மண்டையோட்டில் எழுதியதாக நாம் நம்பி வந்த லிகிதம் உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் இடம் மாறியது என்பதைத் தவிர, படித்தவர்கள் மனத்தில் அந்த விடை பதிந்த விதத்தில் எனக்குப் பெரிய மாறுதல் ஒன்றும் புலப்படவில்லை. பிராரப்தம் என்று முன்பு சொன்னவர், 'எல்லாம் ஜீனில் இருக்கிறது' என்று இப்போது அதே பெருமூச்சோடு சொல்கிறார். மரபுப் பிறழ்ச்சி பொய் என்பதோ, குடும்பங்களில் வழிவழியாக இறங்கி வரும் ஸ்தனப் புற்றுநோய் கற்பனை என்பதோ என் கருத்தல்ல. பிறழ்ச்சி இருப்பதும் பிணி இருப்பதும் ஒன்றேதானா என்பதுதான் விசாரிக்கத் தக்கது. அதை ஆயுள் முழுவதும் விசாரித்தவர்களுள் முதன்மையானவர், தெஹ்ரானில் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரத்து லாரன்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மினா பிஸ்ஸல் என்னும் அம்மையார்.

அவர் கையில் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கோழிக் கதை. 1911-இல் நியூயார்க்கில் பேய்ட்டன் ரௌஸ் என்பவர், பிளிமத் ராக் ஜாதிக் கோழி ஒன்றின் கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் நுழைய முடியாத வடிகட்டியில் இறக்கி, தெளிந்த சாற்றை வேறொரு கோழிக்குள் செலுத்த, அதற்கும் கட்டி கண்டது. சாற்றில் இருந்தது ஒரு வைரஸ். உலகம் இதை நம்புவதற்கு வெகுகாலம் பிடித்தது. ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆண்டு 1966, அவருக்கு வயது 87. அந்த வைரஸ் சுமந்து திரிந்த கெட்ட ஜீன் முதலில் கோழியின் சொந்த ஜீனே என்றும், வைரஸ் அதை என்றோ கவர்ந்து திரித்துக்கொண்டது என்றும் பின்னர் 1976-இல் தெரியவந்தது. ஆக, குற்றவாளியும் அகப்பட்டான், குற்றத்தின் கையெழுத்தும் அகப்பட்டது, வழக்கு முடிந்தது என்றே தோன்றியது.

பிஸ்ஸலும் அவருடைய மாணவர் டால்பெர்க்கும் அதே வைரஸை, அடைகாத்து நான்கே நாள் ஆன முட்டைக்குள், கை கால்கள் மொட்டாக மட்டும் அரும்பியிருந்த கோழிக் கருவின் அங்கத்தில் செலுத்தினார்கள். வைரஸ் கருவுக்குள் பரவியது, கெட்ட ஜீன் விழித்து வேலையும் செய்தது, ஆயினும் கட்டி வரவில்லை. கரு ஒழுங்காக வளர்ந்தது. அதே கருவின் உயிரணுக்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோதோ, அவை ஒரே நாளில் புற்று உயிரணுக்களின் உருவத்தை அடைந்தன. 1984-இல் 'நேச்சர்' பத்திரிகையில் இது வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டில் வெளிவந்தது அதைவிட விசித்திரம். பொரித்து வளர்ந்த குஞ்சின் ஒரு சிறகில் வைரஸைச் செலுத்தினால் அந்தச் சிறகில்தான் கட்டி வரும். வைரஸ் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் ஓடினாலும் மற்றச் சிறகு சுகமாகவே இருக்கும். ஆனால் அந்த மற்றச் சிறகில் ஒரு காயம் உண்டாக்கிவிட்டால் அங்கேயும் கட்டி தோன்றும். கெட்ட ஜீன் எங்கும் இருந்தது, பிணி இருந்ததோ ஊசி குத்திய இடத்திலும் புண்பட்ட இடத்திலும்.

இதெல்லாம் கோழிக்குத்தானே என்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையத்தார், புற்றுநோய் இல்லாத மனிதர்களின் உணவுக்குழலைத் துண்டு துண்டாகப் பரிசோதித்து, நடுவயதினரிடமும் முதியோரிடமும் நாட்ச்1 என்னும் ஜீன் பிறழ்ந்த உயிரணுக்கள் 12 முதல் 80 சதவிகிதம் வரை பரவியிருப்பதைக் கண்டார்கள். உணவுக்குழலில் வரும் புற்றுநோய்க் கட்டிகளில்கூட இந்தப் பிறழ்ச்சி அவ்வளவு சாதாரணம் அல்ல. பிறழ்ந்த எழுத்தைச் சுமந்துகொண்டு, காலையில் இட்லியும் காபியுமாக அந்த வழியாகவே விழுங்கி, நோயின்றி நடமாடுகிறவர்கள் நம்மில் பெரும்பாலோர் என்று ஆகிறது.

அப்படியானால் உயிரணுவை ஒழுங்கில் வைத்திருப்பது எது? பிஸ்ஸல் அம்மையார் காட்டிய விடை, உயிரணு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதில் ஒரு பகுதி இருக்கிறது என்பது. பால் சுரக்கும் எலியின் ஸ்தனத்திலிருந்து உயிரணுக்களை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் இட்டால் அவை தட்டையாகப் பரந்துகொண்டு, சில நாளில் பால் புரதத்தை உண்டாக்கும் தொழிலையே மறந்துவிடுகின்றன. அவற்றையே உடலில் இயல்பாக அவற்றைத் தாங்கி நிற்கும் படலத்தை ஒத்த மிருதுவான கூழில் இட்டால், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவில் வெற்றிடம் உள்ள சிறு உருண்டைகளாகச் சேர்ந்து, அந்த வெற்றிடத்துக்குள் பாலைச் சுரக்கின்றன. எழுத்து ஒன்றும் மாறவில்லை. எழுத்தைப் படிக்கின்ற விதம், படிக்கிறவன் அமர்ந்த ஆசனத்தைப் பொறுத்து மாறிவிட்டது.

அந்த ஆசனத்தின் மென்மையும் கடினமும் அளந்து பார்க்கத் தக்கவை. ஆய்வுக்கூடங்களில் கலவையின் விகிதத்தைச் சற்றே மாற்றி, நுங்கின் இளக்கத்திலிருந்து ரப்பரின் விறைப்பு வரை பல படிகளில் கூழ் தயாரிக்கிறார்கள். 2006-இல் பென்சில்வேனியாவில் டிஷர் என்பவரின் குழுவினர், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை இத்தகைய கூழ்களின்மேல் வளர்த்தார்கள். மூளைத் திசுவைப் போன்று 1 கிலோபாஸ்கல் அளவோ அதற்கும் குறைந்தோ இளகிய கூழில் அவை நரம்பணுக்களைப் போலக் கிளை விட்டன. தசைக்குரிய 10 கிலோபாஸ்கல் அளவில் தசையின் சாயலை அடைந்தன. 30 கிலோபாஸ்கலை ஒட்டிய விறைப்பில் எலும்பை உண்டாக்கும் அணுக்களின் குணத்தைக் காட்டின. கண்ணும் காதும் இல்லாத உயிரணு, இன்டெக்ரின் என்னும் புரதக் கைகளால் கீழே உள்ளதைப் பற்றி இழுத்து, எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதிலிருந்து தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. பெண்கள் தம் விரல் நுனியால் கட்டியைக் கண்டுபிடிப்பதும் இதே பரீட்சைதான். எலிகளின் ஸ்தனத்தில் அளந்தபோது, சுகமான திசு 0.2 கிலோபாஸ்கலுக்கும் குறைவு, கட்டியோ 4 கிலோபாஸ்கலை எட்டியது. பிஸ்ஸலிடம் பயின்று பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் நடத்திய வலெரி வீவர் என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட கணக்கு அது. விறைப்பு கட்டியின் விளைவு மாத்திரம் அன்று, கட்டியைத் தூண்டுவதும் அதுவே என்று அவர்கள் காட்டினார்கள்.

இங்கேதான் தத்துவ விசாரம் சூடு பிடிக்கிறது. சூழல் விறைத்ததால் உயிரணு கெடுகிறது. கெட்ட உயிரணு, தன்னைச் சுற்றி நார் நெய்யும் அணுக்களைத் தூண்டி, கொலாஜன் இழைகளை மேலும் மேலும் பின்னச் செய்து, லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதியால் அவற்றுக்கு முடிச்சுப் போட்டு, சூழலை இன்னும் விறைக்கச் செய்கிறது. எது முதல்? சரீரம் இல்லாமல் கர்மம் செய்ய முடியாது, கர்மம் இல்லாமல் சரீரம் வாய்க்காது என்ற சிக்கலுக்கு விதையும் முளையும் போல இரண்டும் அநாதி என்று சங்கரர் தம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சமாதானம் சொன்னார். ஆனால் அவருடைய பரமகுருவாகிய கௌடபாதர், மாண்டூக்ய காரிகையில், விதை முளை என்னும் அந்தத் திருஷ்டாந்தமே நிரூபிக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கும்போது அதைக் கொண்டு வேறொன்றை எப்படி நிரூபிப்பது என்று முன்பே கேட்டுவைத்திருக்கிறார். தர்க்கத்தில் கௌடபாதர் பக்கமே பலம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் முதல் எது என்று தெரியாமலே சக்கரத்தை ஓரிடத்தில் தடுத்து நிறுத்திப் பார்க்கலாம் என்பதை ஆய்வுக்கூடம் காட்டுகிறது. 2009-இல் வீவர் குழுவினர் எலிகளில் அந்த நொதியைத் தடுத்தபோது முடிச்சுகள் குறைந்தன, திசு இளகியது, கட்டி தோன்றுவது தாமதமாயிற்று. அநாதி என்று சொல்லப்படுவது அனந்தமாகவும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. வேதாந்தியும் அவித்தையைப் பற்றி அப்படித்தான் சொல்லுகிறான்.

உயிரணுவின் ஜீரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், புற்று உயிரணுக்கள் பிராணவாயு தாராளமாக இருக்கும்போதும் சர்க்கரையை முழுவதும் எரிக்காமல் பாதியில் புளிக்கவிட்டு வெளியேற்றுவதைக் கண்டார். முழுவதும் எரித்தால் ஒரு மூலக்கூறு சர்க்கரையிலிருந்து 30 பங்கை ஒட்டிய சக்தி கிடைக்கும் இடத்தில் புளிப்பினால் கிடைப்பது 2 பங்குதான். எனினும் அது அதிவேகமாக நடப்பதோடு, புது அணுக்களைக் கட்டுவதற்கு வேண்டிய சரக்கையும் தருகிறது. சுவாசம் பழுதானதே புற்றுநோயின் ஆதிகாரணம் என்று வார்பர்க் கடைசிவரை சாதித்தார். அந்த வாதம் நிலைக்கவில்லை, பெரும்பாலான கட்டிகளில் உயிரணுவின் சுவாசத்தை நடத்தும் மைட்டோகாண்டிரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. சர்க்கரைப் பசியும் இருக்கையின் விறைப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பது நெடுநாள் யாரும் கேட்காத கேள்வி. 2020-இல் டல்லஸ் நகரத்தில் டானுசர் என்பவரின் ஆய்வுக்கூடத்தார், நுரையீரல் கிளைக்குழலின் சாதாரண உயிரணுவை விறைத்த தளத்திலிருந்து மிருதுவான தளத்துக்கு மாற்றினால், அது சர்க்கரையை உடைக்கும் ஒரு முக்கியமான நொதியைத் தானே சிதைத்துத் தன் பசியைக் குறைத்துக்கொள்வதைக் கண்டார்கள். விறைத்த தளத்தில் உயிரணுவுக்குள் தடித்த கம்பிகளாக நிற்கும் எலும்புக்கூட்டு இழைகள், அந்த நொதியை அழிக்க வல்ல ட்ரிம்21 என்னும் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. தளம் இளகினால் கம்பிகள் கலைகின்றன, காவலில் இருந்தது விடுதலையாகிறது, நொதி அழிகிறது. நுரையீரல் புற்று உயிரணுவிலோ தளம் இளகினாலும் கம்பிகள் கலைவதில்லை. எங்கே இருந்தாலும் அதே வேகத்தில் சர்க்கரையை விழுங்கிக்கொண்டே இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சைவ சித்தாந்திகள் ஆன்மாவுக்குச் சொல்லும் இலக்கணம் நினைவுக்கு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. ஆன்மா சத்தும் அன்று, அசத்தும் அன்று, சதசத்து. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோலச் சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய மரபின் கொள்கை. மெய்கண்டார் உயிரணுவை அறிந்திருந்தார் என்று மார்தட்டுகிறவர்கள் வரிசையில் சேர எனக்கு விருப்பம் இல்லை. அவர் பேசியது பதியையும் பசுவையும் பாசத்தையும் பற்றி. நான் எடுத்துக்கொள்வது அந்தச் சிந்தனையின் அமைப்பை மட்டுமே. சார்ந்திருத்தல் ஒரு குறை என்றும், தன்னில் தானாய் நிற்பதே பூரணம் என்றும் நினைக்கப் பழகியவர்களுக்கு எதிராக, சார்தலே உயிரின் லக்ஷணம் என்று ஒரு தரிசனம் துணிந்து சொல்லிற்று. எதைச் சார்ந்தாலும் அதன் வண்ணம் ஏறாமல் மரத்துப்போகும் நிலைதான் சிந்திக்கத் தக்க கேடு என்பதை டல்லஸ் ஆய்வும் ஒரு விதத்தில் காட்டுகிறது. பௌத்தரும் சார்பைச் சொன்னவர்களே, மணிமேகலை பன்னிரண்டு நிதானங்களையும் அடுக்கிக் காட்டுகிறது. ஆனால் சார்கின்ற ஒன்று உண்டு என்பதை அவர்கள் ஒப்புவதில்லை. அந்த வழக்கில் உயிரணு சாட்சி சொல்லாது.

உடனே, புற்று உயிரணு, உயிரைப் பற்றிய அழுக்கு என்று சித்தாந்திகள் சொல்லும் ஆணவ மலத்தின் வடிவம் என்று உபந்நியாசம் செய்யத் தோன்றும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. உயிரணுவுக்கு அகங்காரம் கிடையாது, இச்சையும் கிடையாது. தாமே புற்றுநோயால் வருந்திய சூசன் சாண்டாக் 1978-இல் எழுதிய நூலில், நோயை உருவகமாக்குவதால் நோயாளிக்கு விளையும் கொடுமையை எடுத்துக் காட்டினார். நோய் அகங்காரத்தின் உருவம் என்று மேடையில் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் நோயாளி அதைத் தன் அகங்காரம் என்றே எடுத்துக்கொள்வாள். யோபுவின் நண்பர்கள் வேறு வேஷத்தில் திரும்பி வந்ததாக ஆகும்.

உயிரணுவை விடுவித்துச் சூழலைக் கூண்டில் ஏற்றிவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? கணையத்தில் வரும் புற்றுநோய்க் கட்டியில் பெரும்பகுதி புற்று உயிரணுவே அன்று, அதைச் சுற்றி நெய்யப்பட்ட விறைத்த நார்த் திசு. அந்த நாரை ஒழித்தால் மருந்து உள்ளே இறங்கும் என்று எலிகளில் கிடைத்த நல்ல பலனை நம்பி மனிதர்களிடம் பரீட்சை செய்தார்கள். நாரை ஒழிக்கும் மருந்தைப் பெற்றவர்களின் நிலை மோசமானதால் 2012-இல் அந்தப் பரீட்சை நிறுத்தப்பட்டது. 2014-இல் அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனியே, எலிகளில் நார் நெய்யும் அணுக்களை அகற்றியோ அவற்றை அழைக்கும் சமிக்ஞையை அறுத்தோ பார்த்தபோது, கட்டி இன்னும் மூர்க்கமாகி, எலிகள் இன்னும் விரைவில் மாண்டன. விறைப்பு கட்டியை வளர்த்தது என்பது உண்மை. அதே நார்க்கூடு கட்டியை ஓரளவு கட்டியும் வைத்திருந்தது என்பதும் உண்மை. குற்றத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முயலும் எந்தக் கணக்கும் இங்கே நேராவதில்லை. கர்மக் கொள்கையை நான் முழுவதும் துறந்துவிடவில்லை. செய்தது எதுவும் வீணாகாமல் நாம் நிற்கும் நிலத்தில் படிந்துகொண்டே வருகிறது என்னும் வரையில் அது உண்மை என்றே நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதனின் நோய்க்கு அவன்மேல் பற்று எழுதுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இனித் தீர்வைப் பற்றிய விவாதம் ஒன்று எஞ்சுகிறது. ஞானம் வந்தால் அவித்தை அடியோடு ஒழியும் என்பான் அத்வைதி. சித்தாந்தியோ, முத்தியிலும் ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் ஒடுங்குகிறது என்பான். இளமையில் இந்தப் பேதம் வெறும் வாதப் பிரியர்களின் நுணுக்கமாகவே எனக்குத் தோன்றியதுண்டு. 1997-இல் வீவரும் பிஸ்ஸலும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி இதை வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. மனித ஸ்தனத்திலிருந்து வந்த, மரபுச் சரடு பல இடங்களில் சிதைந்த புற்று உயிரணுக்களை மிருதுவான கூழில் வளர்த்தபோது, அவை ஒழுங்கற்ற குவியல்களாகப் பெருகின. அவற்றின் இன்டெக்ரின் கைகளில் ஒரு வகையை மட்டும் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கூழில் சேர்த்தார்கள். குவியல்கள் பெருகுவதை நிறுத்தின. அணுக்கள் வரிசையில் அமைந்தன. சுகமான ஸ்தனத்தில் உள்ளவற்றைப் போன்ற சிறு உருண்டைகள் ஆயின. அத்தகைய அணுக்களை எலிகளுக்குள் செலுத்தியபோது கட்டிகளும் குறைந்தன. சிதைந்த எழுத்துகளில் ஒன்றும் திருந்தியிருக்கவில்லை. மலம் இருந்தது, அதன் சக்தி ஒடுங்கியிருந்தது. பிறகு அந்த உருண்டைகளைக் கலைத்து, எதிர்ப்பொருள் இல்லாத புதுக் கூழில் இட்டார்கள். அவை மறுபடியும் குவியல்களாயின.